அச்சின் கழுத்து

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்கு அணித்தே வெர்சேல்சு என்னும் ஊர் உளது. அங்குள்ள அரண்மனையும் பூங்காவும் நீரூற்றுகளும் உலகப் புகழ் வாய்ந்தவை. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மன்னர் லூயி பிலிப்பைச் சிறப்பிக்கும் விழா அங்கே நிகழ்ந்தது. விழாக் கண்ட மக்கள் மாலையில் புகைவண்டியேறிப் பாரிசுக்குத் திரும்பினர். கூட்டம் மிகுதி, வண்டியும் நீளம். ஆதலின் ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களைப் பூட்டி இழுக்கச் செய்தனர். மெதோன் என்னும் இடத்தருகே முன் எஞ்சினின் அச்சு திடீரென முறிந்தது. எஞ்சின் தடம் புரண்டது. பின்னால் வந்தவை அதன்மேல் மோதி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அடுப்பினின்று சிதறிய தணல் மரப்பெட்டிகளைப் பற்றிக்கொண்டது. பெட்டிகளின் கதவுகளோ பூட்டப்பட்டிருந்தன. ஓடும் வண்டியிலிருந்து எவரும் இறங்கிவிடலாகாது என்று அவ்வாறு பூட்டுவது அந்நாளைய வழக்கம். காப்பதற்கென இட்ட பூட்டே கூற்றுவனாயிற்று. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களிற் சென்று அரும் ஆராய்ச்சிகள் செய்து மீண்ட கப்பல் தலைவர் துமோன் துர்வில் என்பாரும், அவர் மனைவியும், மகனும் அத் தீயிற்பட்டு இறந்தனர். பனிக்கடலுக்குத் தப்பியவர் தம் தலைநகரின் வாயிலில் நெருப்புக்கு இரையானார்.

கதவைப் பூட்டும் வழக்கம் அதன்பின் பிரான்சில் கைவிடப்பட்டது. அது எளிதில் திருத்தக்க பிழை. ஆயின், அச்சு ஏன் முறிந்தது? இவ் வினாவுக்கு விடை அத்துணை எளிதிற் கிடைக்கவில்லை.

பாரம் மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. ஆனால் அக்காலத்துப் புகைவண்டி அச்சுகளின் கதை வேறாக இருந்தது. ஆண்டுக்கணக்காக ஒரே பாரத்தைச் சுமந்து, ஒரு குறையுமின்றி ஓடிய அச்சு, ஒருநாள், வழக்கமான பாரத்தின் கீழேயே, முன்னறிவிப்பின்றி இரண்டாக முறிந்தது. அதே அச்சைப் புதிதாக இருந்தபொழுது சோதித்திருந்தால், அப் பாரத்தைப்போல் பன்மடங்கை அது தாங்கியிருக்கும். நேற்றுத் தாங்கியதை இன்று தாங்காமைக்குக் காரணம் யாது?

முறிந்த இடத்தைப் பார்த்தவர்கள், அங்கே இரும்பு கற்கண்டை உடைத்தாற்போன்று மணிமணியாய் மின்னக் கண்டனர். நல்ல தேனிரும்பு நார் நாராக இருப்பது. ஆகவே, 'இடைவிடாத அதிர்ச்சியால் நாரிரும்பு மணியிரும்பாக மாறிவிட்டது. இரும்பின் இயல்பே கெட்டுவிட்டது' என்று பலர் கூறினர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் கருத்துத்தான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால், பொறியியலார் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. இரும்பு என்று கெடுமோ என்று அஞ்சிக்கொண்டு இருப்பதே எஞ்சும்.

இக் கருத்தை மறுத்து எழுந்தவர் ஓர் இளைஞர். வில்லியம் இராங்கின் என்பது அவர் பெயர். 1820-ஆம் ஆண்டு எடின்பரோ நகரிற் பிறந்தவர். அந் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டு பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறி, அயர்லாந்தில் மக்கினீல் என்னும் பொறியியலாரிடம் தொழில் கற்றவர். அவர் தந்தையாரும் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டவரே. தொழில் பழகி ஊர் திரும்பிய இராங்கின், 1843-ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் அகவையளவில், புகைவண்டி அச்சுகளின் கழுத்து எதிர்பாராமல் முறிவதற்குக் காரணமும் அதனைத் தடுக்கும் வழியும் கூறும் கட்டுரையொன்றை இலண்டன் பொறியியலார் கழகத்திற்கு அளித்தார். பின்னாளில் கிளாசுகோப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, நீராவி எஞ்சினைப் பற்றியும் இயந்திரவியலைப் பற்றியும் பெருநூல்கள் இயற்றிய பேரறிஞர் இவரே. பாட்டு எழுதுவதிலும் பாடுவதிலும் விருப்புடையவர் என்பதைத் தமிழாசிரியனாகிய நான் இங்குச் சொல்லாமல் விடுதற்கு மனம் வரவில்லை.

இராங்கின் கண்டதை அறிந்துகொள்வதற்கு அச்சின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும். அச்சு என்பது நீண்டு உருண்ட இரும்புத் தண்டு. அதன் இரு முனைகளிலும் சற்று மெலிந்த பகுதி உண்டு. வண்டியின் பாரம் முழுவதும் தாங்கிகளின் வழியே இம் மெலிந்த பகுதிகளின்மீதுதான் இறங்குகிறது. இதனைக் கழுத்து என்பர். கழுத்து, பருத்த உடலோடு கூடும் இடம் தோள். உயிரற்ற பொருள்களுக்கு உறுப்புப் பெயர் இட்டு வழங்குவது நமக்குப் புதிதன்று. ஊசிக்குக் காதும், அரத்திற்குப் பல்லும், குடத்திற்கு வாயும் கண்டவர்கள் நாம். அச்சிற்குக் கழுத்தும் தோளும் காண்பதில் வியப்பில்லை.

முறிந்த அச்சுகளை இராங்கின் கூர்ந்து நோக்கினார். அவை பெரும்பாலும் ஒரே இடத்தில், தோளருகே, முறிந்திருந்தன. முறிந்த முகமோ ஒரே தன்மையாக இல்லை. ஓரத்தைச் சுற்றி வளையம்போல் ஒரு பகுதி வழவழப்பாக இருந்தது. அவ் வளையம் ஏறக்குறைய அரை அங்குல ஆழம் உள்நோக்கிச் சென்றிருந்தது. நடுப்பகுதி மட்டுமே கரடுமுரடாய்ப் புதிதாக முறிந்ததுபோற் காணப்பட்டது. இதிலிருந்து அவர் உய்த்துணர்ந்தது இது: அச்சு ஒரே நாளில் முறியவில்லை. கழுத்தைச் சுற்றிலும் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று முதலில் தோன்றியிருக்கிறது. அது நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. எஞ்சிய நல்லிரும்பு பாரத்தைத் தாங்கப் போதாத அளவுக்குக் குறைந்த அன்றுதான் அச்சு இரண்டாயிற்று. மற்றவர் கண்களைக் கவர்ந்த மின்னும் மணிகள் இறுதிக் கணத்தின் அடையாளம். நெடுநாளைய வரலாறு எழுதப்பட்டிருந்தது பளபளப்பில்லாத அவ் வளையத்திலே. மணிமணியான முகத்தைக் கண்டு இரும்பே மாறிவிட்டது என்றவர்கள், நூலின் கடைசி ஏட்டை மட்டும் படித்துக் கதை சொன்னவர்களை ஒப்பர்.

இனி, வெடிப்பு ஏன் தோன்ற வேண்டும்? நம் மாட்டுவண்டியின் அச்சு சுழல்வதில்லை. சக்கரமே அதன்மேற் சுழலும். புகைவண்டியிலோ சக்கரம் அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அச்சும் சக்கரமும் ஒன்றாகவே சுழலும். இவ் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இதில்தான் செய்தி இருக்கிறது. பெட்டியின் பாரம் வெளிப்புறத்திலுள்ள கழுத்தைக் கீழே அழுத்துகிறது. சற்று உள்ளே உள்ள சக்கரம் அச்சை மேலே தாங்குகிறது. எனவே அச்சு, கண்ணுக்குப் புலனாகாத அளவில், வில்போல் வளைகிறது. மேற்புறத்து இரும்பு இழுபடுகிறது. கீழ்ப்புறத்து இரும்பு நெருக்குண்கிறது. அரைச் சுற்றில் மேலிருந்தது கீழே வருகிறது. இழுபட்டது நெருக்குண்கிறது, நெருக்குண்டது இழுபடுகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 318 முறை சுழலும். 500 கிலோமீட்டர் செல்லும் ஓர் இரவுப் பயணத்தில் அச்சு 1,59,000 முறை முன்னும் பின்னுமாக வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் எத்தனை கோடி ஆகும் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கட்டுக்கம்பியொன்றை இரு கைகளாலும் பற்றி இழுத்து அறுக்க முயலுங்கள், இயலாது. அதனையே ஓரிடத்தில் மாறி மாறி வளைத்தால் சிறிது நேரத்தில் துண்டாகிவிடும். அச்சுக்கு நேர்வது இதுவே. வளைவு மிகச் சிறிதாகலின் முறிவுக்குக் காலம் மிகுதியாகிறது, அவ்வளவுதான். இதனை 'உலோகச் சோர்வு' என்று அறிஞர் வழங்குவர். பெயர் அழகிதாயினும் ஒருவகையில் நம்மை ஏமாற்றுவது. சோர்ந்த மனிதன் ஓய்வு கொண்டால் தெளிவடைகிறான். வெடித்த இரும்பு எத்தனை மாதம் கொட்டகையில் ஓய்ந்து கிடந்தாலும் அதன் வெடிப்பு ஓர் இழையளவும் கூடுவதில்லை.

ஆனால், உடல் முழுவதும் வளையும் அச்சு தோளிலேயே முறிவானேன்? கழனிக்குச் செல்லும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மெல்ல வளைந்து சென்றால் நீர் அமைதியாக ஓடும். செங்குத்தாகத் திரும்பினாலோ, அகன்றது திடீரெனக் குறுகினாலோ, நீர் மூலையில் நெருங்கி மோதிக் கரையை அரிக்கும். இரும்பினுள்ளும் பாரத்தின் விசை ஒருவகையாக ஓடுகிறது. பருத்த உடலிலிருந்து மெலிந்த கழுத்துக்கு அது செல்லும் வழியில் தோள் கூர்மூலையாக வெட்டப்பட்டிருந்தால், விசை அம் மூலையில் வந்து குவிகிறது. தகைவு என்று நூலோர் கூறும் உள்விசை, மற்ற இடங்களில் உள்ளதைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு என அங்கே ஏறிவிடுகிறது. துணிக்கடைக்காரர் கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வைத்துவிட்டுத் துணியைக் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கைக்கு வலிமை தருவது அச் சிறு வெட்டே. அச்சின் கூர்மூலையும் அத்தகைய வெட்டாகும். கிழிக்கும் கைதான் வேறு.

இராங்கின் சொன்ன மருந்து எளியது. தோளைக் கூர்மூலையாக விடாதீர்கள். அகன்ற குழிவான வளைவாக அமையுங்கள். அவ் வளைவையும் கடைசற் பொறியில் வெட்டி உண்டாக்காமல், உலைக்களத்திலேயே சுத்தியலால் அடித்து உருவாக்கிய பின்னர்க் கடைசலுக்கு அனுப்புங்கள்; அப்பொழுது இரும்பின் நார்கள் அறுபடாமல் உடலிலிருந்து கழுத்துவரை தொடர்ந்து செல்லும் என்றார். தொடர்ச்சி என்பதே அவர் கட்டுரையின் உயிர்நிலை. விசை ஓரிடத்திற் குவியும் அளவைக் கணக்கிடும் முறைகள் பின்னரே தோன்றின. அகன்ற தகட்டில் சிறு வட்டத்துளை இருப்பின் அதன் விளிம்பில் தகைவு மும்மடங்காகும் என்று செருமானியராகிய கிர்சு 1898-இல் கணக்கிட்டார். துளை வெடிப்பைப்போல் ஒடுங்கக் கூர்மையுற ஏறும் என்று ஆங்கிலேயராகிய இங்கிள்சு 1913-இல் காட்டினார். ஆகவே, இராங்கின் நார்களின்மீது வைத்த அழுத்தம் முழு விளக்கமன்று. அவர் தந்த மருந்தோ முற்றிலும் பொருத்தமானது. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அவர். கணக்கு வருமுன்னே கண் வழி காட்டியது.

எத்தனை முறை வளைந்தால் எவ்வளவு பாரத்தில் முறியும் என்பதைச் சோதித்து அறிந்த பெருமை பிரசிய நாட்டு இருப்புப்பாதைப் பொறியியலாராகிய ஆகஸ்டு வோலருக்கு உரியது. அவர் தண்டுகளைப் பொறியிற் பூட்டி, பாரத்தின் கீழ் இலட்சக்கணக்கான முறை சுழற்றி, முறியும்வரை காத்திருந்தார். 1850-களின் இறுதியில் தொடங்கிய இப் பணியின் முடிவுகள் 1870 வரை வெளிவந்தன. ஒரே முறை இழுத்து அறுப்பதற்கு வேண்டிய விசையினும் மிகக் குறைந்த விசையே, பன்முறை மாறி மாறி வருமாயின், இரும்பை முறிக்கும் என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு, அதன் கீழ் நின்றால் எத்தனை முறை சுழன்றாலும் முறிவதில்லை என்பதும் அவர் கண்டதே. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டா. பொறியியற் பட்டம் பெற்றுத் தொழிற்சாலையொன்றில் புதிதாக அமர்ந்த இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். நீர் இறைக்கும் பொறிக்குச் சுழல்தண்டு ஒன்றை வரைந்து தருமாறு அவர் பணிக்கப்படுகிறார். தண்டு எவ்வளவு பருமன் இருத்தல் வேண்டும் என்பதைக் கல்லூரியிற் கற்ற கணக்கால் அவர் அரைமணி நேரத்தில் கண்டுவிடுவார். அதன்பின்தான் தொல்லை தொடங்குகிறது. தண்டின் மீது பேரிங் வந்து அமர வேண்டும். அது நகராதிருக்கத் தண்டில் ஒரு தோள் வேண்டும். பேரிங்கின் உள்வளையத்தின் மூலை ஏற்கெனவே தொழிற்சாலையில் ஓரளவு உருட்டிவிடப்பட்டு வருகிறது. அது 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இராங்கின் சொற்படி தோளின் மூலைக்கு 3 மில்லிமீட்டர் வளைவு கொடுத்தால், பேரிங் அவ் வளைவின்மேல் ஏறி நின்றுவிடும். தோளோடு ஒட்டி அமராது. சரி, பேரிங் அமரட்டும் என்று 1 மில்லிமீட்டருக்குள் வளைவைக் குறைத்தால், தண்டின் மூலை கூர்மையாகிறது. பேரிங்குக்கு நலம் செய்தால் தண்டுக்குக் கேடு. தண்டுக்கு நலம் செய்தால் பேரிங்குக்குக் கேடு.

இந்நிலையில் புதியவர்களுக்குத் தோன்றும் முதல் எண்ணம், 'தண்டை இன்னும் பருமனாக்கிவிடலாம்' என்பது. உடலை மட்டும் பருமனாக்கிக் கழுத்தை அப்படியே விட்டால், தோள் இன்னும் உயர்ந்து நிற்கும். மாற்றம் இன்னும் திடீரென நிகழும். குவியும் தகைவு குறையாது, கூடவே செய்யும். இரும்பு சேர்த்தோம், வலிமை குறைந்தது! அன்றியும், தோள் அளவுக்கு மீறி உயர்ந்தால், பழுதான பேரிங்கைக் கழற்றுவதற்கு இழுகருவியின் பல் பற்ற இடம் இராது. பத்தாண்டுகளுக்குப் பின் அதைக் கழற்றப் போகும் தொழிலாளியின் முகத்தை வரைபவர் இன்றே நினைத்தல் வேண்டும்.

அனுபவமுடையோர் கையாளும் வழிகள் வேறு. பேரிங்குக்கும் தோளுக்கும் இடையே தனி வளையமொன்றை வைத்து, அவ் வளையத்தின் உள்மூலையைப் பெரிதாகச் சரித்துவிடுவது ஒரு வழி. தண்டின் அகன்ற வளைவு அச் சரிவுக்குள் அடங்கிவிடும், பேரிங்கோ வளையத்தின் நேரான முகத்தில் ஒட்டி நிற்கும். பேரிங் வளையத்துக்கு இடையூறின்றித் தோளின் முகத்தையே உட்குடைந்து வளைவு அமைப்பதும் உண்டு. பருத்த உடலில், தோளுக்குச் சற்று அப்பால், மெல்லிய பள்ளம் ஒன்றைக் கடைந்துவிடுவது மற்றொன்று. இது கேட்போர்க்கு விந்தையாக இருக்கும். இரும்பை எடுத்துவிட்டு வலிமையைக் கூட்டுவதா? ஆம், விசை அப் பள்ளத்தினால் முன்கூட்டியே மெல்லத் திரும்பிவிடுவதால் மூலையில் வந்து மோதுவதில்லை. வெடிப்பு ஊர்ந்து செல்லும் தகட்டில், அதன் நுனியில் வட்டமாகத் துளையிட்டு அதைத் தற்காலிகமாக நிறுத்துவதும் இதே நுட்பம் பற்றியதே. ஒவ்வொரு வழிக்கும் விலை உண்டு. வளையம் வைத்தால் பொருத்த வேண்டிய பொருள் ஒன்று மிகும், தண்டின் நீளமும் மிகும். குடைந்தால் கடைசல் வேலை மிகும். எதனைக் கொள்வது என்பதற்கு நூலில் விடை இல்லை. பொறியின் பணி, செய்யப்போகும் எண்ணிக்கை, பட்டறையிலுள்ள கருவிகள் ஆகியவற்றை நோக்கி அவரே முடிவு செய்தல் வேண்டும்.

சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சாவிக்கென வெட்டும் காடியிலும் இதே சிக்கல் உண்டு. சுவர்போல் செங்குத்தாக முடியும் காடி தீது. வட்ட வெட்டியால் வெட்டினால் காடியின் முனை படகின் அடிபோல் மெல்ல மேலேறி முடியும், அது நன்று. மற்றொன்றும் கூறுதல் தகும். வரைபடத்தில் எல்லா நீளங்களையும் பருமன்களையும் எழுதிவிட்டு, மூலையின் வளைவை எழுத மறப்பது இளையோரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை என்பர். எழுதாத மூலையைக் கடைசல்காரர் தம் உளி எப்படி விட்டதோ அப்படியே விடுவார், அவர்மேற் குற்றமில்லை. உளியின் நுனியோ பெரும்பாலும் கூரியது.

வானூர்திகளும் இதற்கு விலக்கல்ல. 1954-ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்ரலிலும் காமெட் என்னும் இரண்டு செட் விமானங்கள் மத்தியதரைக் கடற்பகுதியில் நடுவானிற் சிதைந்து வீழ்ந்தன. இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் அவ்வகை விமானமொன்றின் முழு உடலையும் பெருந்தொட்டியில் நீருள் வைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், ஆயிரக்கணக்கான பயணங்களைத் தரையிலேயே நிகழ்த்திப் பார்த்தனர். விமானத்தின் உடல் கிழிந்தது; கிழிவு தொடங்கிய இடம் ஒரு திறப்பின் மூலை. இராங்கினின் கட்டுரை வெளிவந்து நூறாண்டுகளுக்கு மேல் சென்றிருந்தும், மூலை தன் வேலையைச் செய்தது.

இக்காலத்தில் புகைவண்டி அச்சுகளைக் குறித்த காலந்தோறும் மீயொலி அலைகளைச் செலுத்திச் சோதிக்கின்றனர். செவிக்கு எட்டாத அவ்வொலி இரும்பினூடே சென்று, வெடிப்பு இருப்பின் அதில் மோதித் திரும்பும். திரும்பிய நேரத்தைக் கொண்டு வெடிப்பு எங்குள்ளது என்பதை அறியலாம். அச்சின் நீளம் முழுவதும் அவர்கள் தேடுவதுண்டு. ஆயினும் மிகுந்த கவனத்தோடு நோக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று, சக்கரம் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும் இடம், மற்றொன்று, கழுத்து உடலோடு கூடும் தோள்.